பாய்லரை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, போன ஜூலையில் லண்டன் ஹாரோவில் மூன்று படுக்கையறை வீடு வாங்கிக் குடிவந்தோம். 1930களில் கட்டிய வீடு. காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குளிக்கிற சுடுதண்ணீருக்கும் ஒரே பெட்டி, தனித் தொட்டி இல்லை) போட்டு 9 வருடம் ஆகிறது, மொத்தம் 9 ரேடியேட்டர். நவம்பரில் ஹீட்டிங் போட்டதிலிருந்து ஒரே தொல்லை. மாடி அறைகளில் வேர்க்கிறது, கீழே ஹாலும் சாப்பாட்டு அறையும் சில்லென்று கிடக்கின்றன. ஹால் ரேடியேட்டரில் மேல்பக்கம் சூடு, கீழ்ப்பக்கம் தொட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பாய்லரின் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. அடியில் இருக்கும் வெள்ளிப் பின்னல் குழாயைத் திறந்து கணவர்தான் நிரப்புகிறார். வந்து பார்த்த பிளம்பர், பாய்லர் போய்விட்டது, புதுசு போடுங்கள், 4,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்கிறார். போட்டுவிடலாமா? ஜனவரியில் மாமியார் மதுரையிலிருந்து வருகிறார். இரவில் ஹீட்டிங்கை அணைப்பதா, ஓடவிடுவதா என்று வீட்டில் தினமும் சண்டை வேறு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த 4,000 பவுண்டைக் கொஞ்ச நாள் வங்கியிலேயே விட்டுவையுங்கள். 9 வருடப் பாய்லர் கிழடு இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் 12, 15 வருடம் ஓடும். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது சில்லிட்டுக் கிடக்கும் ஹால் இல்லை. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வாரத்துக்கு ஒருமுறை கணவர் தண்ணீர் நிரப்புகிறார் என்று, அதுதான்.

ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் நீங்கள் குளிக்கும் தண்ணீர் இல்லை. பாய்லருக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவே வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரவேண்டிய ஒரே தண்ணீர் அது. ரேடியேட்டர் சாதாரண இரும்புத் தகடுதான், எவர்சில்வர் பாத்திரம் மாதிரி துருப்பிடிக்காத சரக்கு இல்லை. முதல்முறை நிரப்பும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் இரும்பைத் தின்றுவிட்டுத் தீர்ந்துபோகும். அதன் பிறகு அந்தத் தண்ணீர் சாது. ஆனால் உங்கள் வீட்டில் வாரந்தோறும் புதுத் தண்ணீர் போகிறது, அதோடு புது ஆக்சிஜனும் போகிறது. துருவுக்கு வாராவாரம் விருந்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே சுண்ணாம்பு பாய்லருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் வெப்பமாற்றியிலும் படியும். பாய்லர் கெட்டில் கொதிக்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தால் அதுதான் காரணம்.

அந்தத் துரு கறுப்பாக, டிக்காஷன் அடி வண்டல் மாதிரி இருக்கும். மேக்னடைட் என்பார்கள், காந்தத்தில் ஒட்டும். கனமானது, அதனால் தண்ணீர் மெதுவாக ஓடும் இடம் பார்த்து அடியில் உட்காரும். பழைய வீடுகளில் பல சமயம் குழாய்கள் மாடித் தரைப் பலகைக்கு அடியில் ஓடி, அங்கிருந்து கீழ் அறைகளுக்கு இறங்கும். 1930களில் கட்டும்போது உங்கள் வீட்டில் இருந்திருக்கக்கூடியது கணப்படுப்புதான். ரேடியேட்டரும் குழாயும் பின்னால் வந்தவை, பலகையைத் தூக்கி எங்கே வசதிப்பட்டதோ அங்கே ஓட்டியிருப்பார்கள். இறங்கி வரும் கிளையின் கடைசியில் இருக்கும் கீழ்தள ரேடியேட்டர் கசடெல்லாம் சேரும் குட்டையாகிவிடுகிறது. மேலே சூடு, கீழே ஜில் என்று ஒரு ரேடியேட்டர் இருந்தால் வயிற்றில் கசடு என்று படித்துக்கொள்ளுங்கள். அதுவே கீழே சூடாக, மேலே ஜில்லென்று இருந்தால் காற்று அடைத்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கசடு பிடித்த ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றிக்கொண்டே இருப்பவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன்.

ஆக, பிரஷர் இறங்குவதும் ஹால் சூடாகாததும் இரண்டு நோய் இல்லை. முதலாவது இரண்டாவதைப் பெற்றெடுத்திருக்கிறது. பாய்லரை மட்டும் மாற்றினால் புதுப் பாய்லரும் இதே கறுப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். அப்புறம் வாரண்டிக்குப் போய் நின்றால், கசடால் வந்த கோளாறு எங்கள் பொறுப்பில்லை என்று தயாரிப்பாளர் கைகழுவிவிடலாம்.

அதனால் முதல் வேலை, தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது. இதில் பாதியை நீங்களே செய்யலாம். ஹீட்டிங் ஓடாமல் எல்லாம் ஆறியிருக்கும்போது முள் 1க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நடுவில் இருக்க வேண்டும். காலையில் அப்படி வைத்துவிட்டு ஹீட்டிங்கைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 2 வரை போனால் பரவாயில்லை. 3ஐ நோக்கி ஏறினால் குற்றவாளி எக்ஸ்பான்ஷன் வெசல். தண்ணீர் சூடானால் விரியும், 10 டிகிரியிலிருந்து 80க்குப் போனால் 100 லிட்டருக்கு 3 லிட்டர் கிட்டத்தட்ட கூடும். அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுக்கத்தான் பாய்லருக்குள் ஒரு சிவப்புத் தட்டு மாதிரியான கலம் இருக்கிறது. நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. அந்தக் காற்று போய்விட்டாலோ திரை கிழிந்துவிட்டாலோ தண்ணீர் விரிய இடமில்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே துப்பும், நம் பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வு செய்கிற அதே வேலை. இரவில் எல்லாம் ஆறியதும் முள் பூஜ்யம். மறுபடி நிரப்பு, மறுபடி துப்பு.

அந்த வால்வு துப்பும் தண்ணீர் வெளியேற, வெளிச்சுவரில் பாய்லருக்கு நேராக ஒரு செம்புக் குழாய் வளைந்து சுவரைப் பார்த்தபடி நிற்கும். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. ஒருமுறை திறந்த வால்வின் இருக்கையில் துரும்பு சிக்கி அப்புறம் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால் கலத்தைச் சரிசெய்பவர் வால்வையும் பார்த்துவிடுவது நல்லது. கலத்துக்குக் காற்று அடிக்கவும் வால்வு மாற்றவும் பெரும்பாலும் பாய்லர் உறையைத் திறக்க வேண்டும். அதில் நீங்களோ கணவரோ கைவைக்கக் கூடாது, பதிவுபெற்ற ஆள் வரட்டும். புதுப் பாய்லர் விலையில் அது சின்னப் பங்குதான்.

பை காய்ந்து கிடந்தால், முள்ளும் சூட்டில் அதிகம் ஏறாமல் சும்மாவே இறங்கினால், கசிவு குழாய்ப் பக்கம். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் கழுத்திலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே மெல்ல ஊறுகிறது. சூட்டில் ஆவியாகிப் போவதால் தரையில் ஈரமே தெரியாது. எதுவும் சிக்கவில்லையா? இரவில் பாய்லரை அணைத்துவிட்டு, அதன் அடியில் ஹீட்டிங் போய்வரும் இரண்டு குழாய்களிலும் இருக்கும் வால்வுகளை மூடிவிடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் பாய்லருக்குள்ளேயே ஒழுகுகிறது. முள் அசையாமல் நின்று, வால்வைத் திறந்த நொடியில் விழுந்தால் வீட்டுக் குழாயில் ஓட்டை. வால்வுகளைத் திறக்காமல் பாய்லரைப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, நிரப்பி முடித்ததும் அந்தப் பின்னல் குழாயைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதுதான் இங்கே விதி. கறுப்புத் தண்ணீர் உங்கள் குடிநீருக்குத் திரும்பிவரக் கூடாது அல்லவா.

கசிவு நின்ற பிறகுதான் சுத்தம் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் காசு தண்டம். பவர் ஃப்ளஷ் என்று ஒன்று சொல்வார்கள். பெரிய பம்பை இணைத்து மருந்து கலந்த தண்ணீரை வேகமாக முன்னும் பின்னும் ஓடவிட்டுக் கழுவுவது. ஒழுங்காகச் செய்தால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் வேலை, ஒவ்வொரு ரேடியேட்டராகத் தனித்தனியே கழுவ வேண்டும். காலை பத்துக்கு வந்து பன்னிரண்டுக்குக் கிளம்புகிறவர் உங்களிடம் காட்டும் கறுப்பு வாளி வெறும் வித்தை. அதற்கு முன் ஒரு சோதனை: ஆறிய ரேடியேட்டரின் மேல்முனைத் திருகைத் திறந்து கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள், வெளியே ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கறுப்புத் துகள் காந்தத்தைத் தேடி ஓடினால் சந்தேகமே வேண்டாம். தரைவிரிப்பின் மேல் பழைய துண்டு போட மறக்காதீர்கள், அந்தக் கறை போகவே போகாது.

உங்கள் வீட்டில் இரண்டு ரேடியேட்டர்தான் மோசம் என்றால் நான் பவர் ஃப்ளஷ்ஷுக்குக்கூடப் போகமாட்டேன். அந்த இரண்டையும் இரண்டு பக்க வால்வையும் மூடிக் கழற்றி, தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ஹோஸ் குழாயை ஒரு முனையில் சொருகித் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவினால் போதும். கறுப்பு ஓடித் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். தண்ணீரோடு அது கனம், இரண்டு ஆள் வேண்டும். கழுவி மாட்டிய பிறகு மறுபடி நிரப்பி, இன்ஹிபிடர் என்ற துருத்தடுப்பு மருந்தை ஊற்ற வேண்டும். ஃபெர்நாக்ஸ், சென்டினல் எதுவானாலும் சரி, பொதுவாக ஒரு பாட்டில் பத்து ரேடியேட்டர் வரை போதும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாராவாரம் நிரப்பியதில் பழைய மருந்து எப்போதோ நீர்த்துப்போயிருக்கும். கூடவே, பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள், இந்த வீட்டில் நீங்கள் செய்யும் செலவிலேயே அதுதான் லாபமான செலவு. வருடாவருடம் சர்வீஸுக்கு வருபவர் அதைக் கழற்றித் துடைக்க வேண்டும். துடைக்காமல் கிளம்பினால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மாடி ஏன் வேகிறது? நீங்கள் அனுப்பிய படத்தில் தெர்மோஸ்டாட் முன்வாசல் நடையில் இருக்கிறது. அந்த நடையின் ரேடியேட்டரிலும் எண் போட்ட தலை ஒன்று இருக்கிறது, அதை 2ல் வைத்திருக்கிறீர்கள். இங்கேதான் தவறு. அந்தத் தலை அறைச் சூட்டை உணர்ந்து தானே மூடிக்கொள்ளும் வால்வு. 2 என்றால் நடை 20 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே அது மூடிவிடும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டோ 20 வரும்வரை பாய்லரை விடாது. வராத விருந்தாளிக்காகக் காத்திருக்கும் கதைதான், அதற்குள் மாடி வெந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரின் தலையை முழுதாகத் திறந்து வைத்துவிடுங்கள். படுக்கையறைகளில் 2, ஹாலில் 3 அல்லது 4 போதும். 5ல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது பொய். அது அடுப்புத் தீயைக் கூட்டுகிற குமிழ் இல்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது.

ஹாலில் 5ல் வைத்தும் துளிகூடச் சூடாகாத ரேடியேட்டர் இருந்தால் தலையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன ஊசி இருக்கும். கோடை முழுக்க மூடியே கிடந்தால் அது ஒட்டிக்கொள்ளும். விரலால் அல்லது ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். எழவில்லையென்று இடுக்கியால் பிடுங்கி இழுக்காதீர்கள், கையோடு வந்துவிட்டால் ஹாலில் கறுப்பு நீரூற்று. அடுத்த கோடையில் எல்லாத் தலைகளையும் முழுதாகத் திறந்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் பேலன்ஸிங், அதாவது எல்லா ரேடியேட்டருக்கும் தண்ணீரைச் சரியாகப் பங்கிடுவது. ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்ட வால்வு இருக்கும், அதைத் திறக்க மூடியைக் கழற்றி ஸ்பேனர் போட வேண்டும். பம்ப் தள்ளும் தண்ணீர் சோம்பேறி, எளிதான வழி எதுவோ அதில்தான் ஓடும். பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்களே முழுதாகக் குடித்துவிட்டால் கடைசி ரேடியேட்டருக்கு எச்சில்தான். எல்லாம் ஆறியிருக்கும்போது ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது, எது கடைசி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சூடாவதன் வால்வை முழுதாக மூடிக் கால் சுற்று மட்டும் திறவுங்கள். அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம், கடைசிக்கு முழுதாக. பிறகு ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் சூட்டு வித்தியாசம் பாருங்கள், கடையில் சின்னக் கிளிப் வெப்பமானி கிடைக்கும். 12லிருந்து 15 டிகிரி வித்தியாசம் எல்லா அறையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வந்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறை திருகிய பிறகும் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுதாகப் போகும். பொறுமை இல்லாதவர்கள் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம், தப்பில்லை. எனக்கே என் வீட்டில் செய்ய அலுப்புதான்.

பாய்லரின் முகப்பில் இரண்டு குமிழ் இருக்கும், ஒன்று குழாய்ப் படம், மற்றது ரேடியேட்டர் படம். ரேடியேட்டர் குமிழ் பெரும்பாலும் 75, 80லேயே கிடக்கும், மாட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அதை 60க்கு இறக்குங்கள். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்திய பாய்லர்கள் அநேகமாக எல்லாமே கண்டன்சிங் வகை. புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் உறிஞ்சுவது அதன் சாமர்த்தியம். ஆனால் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சாமர்த்தியம் வேலை செய்யும். 80ல் வைத்தால் அதற்குக் கொடுத்த காசு சுவரில் இருக்கும் புகைக்குழல் வழியே போகிறது. 60ல் வீடு மெதுவாகச் சூடாகும், அரை மணி முன்னதாகப் போடுங்கள். கடும் பனி வந்தால் சில நாள் 65, 70 என்று ஏற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இது காம்பிக்கு. சுடுதண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு இறக்கிவிடக் கூடாது. லெஜியனெல்லா கிருமிக்காகத் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியைத் தொட வேண்டும், அதற்குப் பாய்லர் இன்னும் மேலே இருக்க வேண்டும்.

இரவுச் சண்டைக்கு வருகிறேன். முழுநேரம் ஓடவிட்டால் சிக்கனம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெளியே குளிராக இருக்கிற வரைக்கும் உள்ளே எவ்வளவு நேரம் சூடு வைத்திருக்கிறோமோ அவ்வளவு சூடு சுவர் வழியே கசிந்துகொண்டேதான் இருக்கும். இரவில் தெர்மோஸ்டாட்டை 16க்கு இறக்கிவிட்டுத் தூங்குங்கள், காலை எழுவதற்கு ஒரு மணி முன் ஏறுகிற மாதிரி நேரம் வையுங்கள். ஆனால் மாமியார் இருக்கும் நாட்களில் அவர் அறையை இரவிலும் 18க்குக் கீழே விடாதீர்கள், வயதானவர்களுக்கு இங்கே மருத்துவ ஆலோசனையே 18தான். மதுரையிலிருந்து வருபவருக்கு 18 என்றாலே ஊட்டி. அவர் அறைக்கு ஒரு கம்பளி கூடுதலாக.

அந்தப் பிளம்பர் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நான் அவர் பார்த்ததைப் பார்க்கவில்லை. ஆனால் அவரிடம் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலைக்குப் பதிவுபெற்றவர்களுக்குத் தரும் அட்டையை, காட்டச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கம் என்னென்ன வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும், முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். இன்னும் கார்கி பதிவு என்று பேசுகிறவர் இருந்தால், அது 2009லேயே போய் கேஸ் சேஃப் வந்துவிட்டது. ரேடியேட்டர் கழற்ற, கழுவ அந்த அட்டை தேவையில்லை, கேஸைத் தொடுவதற்கு அது சட்டப்படி கட்டாயம். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி, பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். கேஸ் வாசனை வந்தால் கூப்பிட வேண்டிய எண் 0800 111 999, ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

கடும் குளிரில் ஒருநாள் காலை பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால் பதறாதீர்கள். கண்டன்சிங் பாய்லர் வடிக்கும் தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருக்கும். 2010 டிசம்பரில் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை இதற்குத்தான். வெதுவெதுப்பான தண்ணீரை வெளிக்குழாய் மேல் ஊற்றி, ரீசெட் அழுத்தினால் போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும். அந்தக் குழாய் மெல்லிசாக இருந்தால் சர்வீஸுக்கு வருபவரிடம் பெரிசாக மாற்றி உறை போடச் சொல்லுங்கள். அதேபோல டிசம்பரில் ஊருக்குக் கிளம்பினால் ஹீட்டிங்கை முழுதாக அணைத்துவிட்டுப் போகாதீர்கள், 12 டிகிரியில் விட்டுப் போங்கள்.

என்றைக்காவது ரேடியேட்டர் மாற்றும் வேலை வந்தால், இரட்டைத் தகடுள்ள பெரிய அளவாகப் போடுங்கள். பெரிய ரேடியேட்டர் குறைந்த சூட்டிலேயே அறையை நிறைக்கும். பிற்காலத்தில், வெளியே இருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் போடுவதானால் (இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு அரசு 7,500 பவுண்டு மானியம் அறிவித்திருக்கிறது) அதே ரேடியேட்டர் அப்படியே பயன்படும். ஹால் ரேடியேட்டருக்கு முன்னால் சோபா இருக்கிறது என்று படத்தில் பார்த்தேன். அதை ஒரு முழமாவது நகர்த்துங்கள், இப்போது சோபாவின் முதுகுதான் சுகமாக இருக்கிறது.

மாமியார் வந்ததும் துணியை ரேடியேட்டர் மேல் உலர்த்துவார், கட்டாயம். அவர் மனம் கோணாமல், சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடும் இடத்திலோ ஜன்னலைத் திறந்து கதவை மூடிய குளியலறையிலோ கொடி கட்டிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரமெல்லாம் போய் வடக்குச் சுவரில் கறுப்புப் பூஞ்சையாக நிற்கும். இட்லி மாவுச் சட்டியை மட்டும் ரேடியேட்டர் பக்கம் வைத்துக்கொள்ளட்டும், மேலே இல்லை, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு. ஹால் ரேடியேட்டரைக் கழுவி மாட்டிய அன்று ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.